மனம் பழகும் பாடவேளை: வகுப்பறையில் நாங்கள் பார்த்தது

ஆறாம் வகுப்பு ஆசிரியை

"இனிமேல் அடிக்கமாட்டேன் மிஸ்" என்று ஒரு பையன் சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறான். மறுநாளே மறுபடி கை ஓங்கினால் நாம் அவனைப் பொய்யன் என்கிறோம். கோபம் தலைக்கேறும் அந்த நொடியில் வேறு என்ன செய்யலாம் என்று அவனுக்கு யாராவது பழக்கிக் கொடுத்தார்களா? வாய்ப்பாட்டைத் தினமும் சொல்லவைத்துப் பழக்குகிறோம். இதை மட்டும் அறிவுரையிலேயே முடித்துவிடுகிறோம்.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பக்கத்தில் இருப்பவன் லேசாக இடித்தால் போதும், மேசையைத் தள்ளிவிடுவான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டு வகுப்பு முழுவதற்கும் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். காலையில் உள்ளே வரும்போது பலகையில் எழுதியிருக்கும் உணர்வுகளில் ஒன்றின் கீழே அவரவர் பெயர்ச் சீட்டை ஒட்ட வேண்டும். முதலில் சந்தோஷம், கோபம், சோகம் மட்டும். அப்புறம் பதற்றம், ஏமாற்றம், பொறாமை, கூச்சம், எரிச்சல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒவ்வொரு சொல்லும் வரும்போது, அது உடம்பில் எங்கே தெரியும், எப்போது வரும் என்று பிள்ளைகளே பேசுவார்கள்.

அவன் சீட்டு எப்போதும் கோபத்தின் கீழேதான் இருக்கும். ஒருநாள் பதற்றத்துக்கு மாறியிருந்தது. இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன். "இன்னைக்கு என்னை வாசிக்கச் சொல்லிடுவீங்களோன்னு இருக்கு மிஸ்" என்றான். மேசை தள்ளப்பட்ட நாட்களை யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் உரக்க வாசிக்கிற பாடவேளைக்கு முன்புதான் நடந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பத்தி அவனுக்கு வரும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுவேன். வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டு வருவான். மேசை தள்ளுவது ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் நன்றாகவே குறைந்தது.

உணர்வுக்குப் பெயர் சொல்வது பற்றி 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று உண்டு. கோபமோ பயமோ தெரியும் முகப் படத்தைப் பார்த்து, அது என்ன உணர்வு என்று சொல்லால் அடையாளம் காட்டியபோது, அச்சத்துக்கு எதிர்வினை காட்டும் அமிக்டாலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. ஆனாலும் வகுப்பில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. கையில் சொல் இருக்கிற பிள்ளை உதவி கேட்கிறது.

மழலையர் வகுப்பு ஆசிரியை

சின்னக் குழந்தைகளுக்கு நான் ஆமைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். கோபம் வந்தால் நில், ஆமை மாதிரி கையைக் கட்டி ஓட்டுக்குள் போ, மூச்சை மெதுவாக இழுத்து விடு, என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டு வெளியே வா. பல நாடுகளில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பதுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பொம்மையை வைத்து விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அழுது புரளும் குழந்தையிடம் போய் "ஆமை ஆகு" என்றால் அதன் காதில் விழாது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் மெதுவாக மூச்சு விட்டாலே போதும்.

கணித ஆசிரியர்

இதற்கெல்லாம் பாடவேளை எங்கே என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் தனியாக நேரம் ஒதுக்கவில்லை, கணக்குப் பாடத்திலேயே செய்கிறேன்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவரிடம் படித்த ஆய்வு மாணவர்களும் 'ஜிக்சா' முறையைக் கொண்டுவந்தார்கள். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தையும் தெரிந்துகொள்ள முடியாது.

என் வகுப்பின் முதல் மார்க் மாணவன் குழு வேலை என்றாலே தாளைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவான். மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். புள்ளியியல் பாடத்தில் ஒருத்தியிடம் சராசரி, ஒருவனிடம் இடைநிலை, இன்னொருத்தியிடம் முகடு, இவனிடம் வீச்சு என்று பிரித்துக் கொடுத்தேன். ஒரு விதியும் வைத்தேன்: உன் கருத்தைச் சொல்லும் முன், உனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவனால் முடியவே இல்லை. பாதியிலேயே குறுக்கே போய்விடுவான். போகப்போகப் பழகிவிட்டது. ஒருநாள், வகுப்பில் வாயே திறக்காத பெண் இடைநிலையை எண்கோட்டில் வரைந்து காட்டியபோது, "இப்படி யோசிச்சதே இல்ல, இன்னொரு தடவ சொல்லு" என்றான். அந்தப் பெண் அதற்கப்புறம் பேச ஆரம்பித்தாள். அவளுக்குத் துணிச்சல் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பாடம் நடத்தவில்லை.

பள்ளி ஆலோசகர்

எல்லாமே நல்ல அனுபவங்கள். இரண்டு விஷயங்களை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வட்டமாக உட்கார்ந்து பகிரும்போது "இன்னைக்கு நான் பேசல" என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்க வேண்டும். வீட்டில் மரணம் நடந்த ஒரு மாணவியை, மனம் லேசாகும் என்று எண்ணி எல்லோர் முன்னும் பேசவைத்தார்கள். அவள் பல நாட்கள் வகுப்புக்கே வர மறுத்தாள். பெயர்ச் சீட்டுப் பலகைக்கும் இது பொருந்தும். மற்றவர் பார்க்க விரும்பாத பிள்ளை ஆசிரியரிடம் மடித்துக் கொடுக்கட்டும். பேச்சின் நடுவே ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொல்லிவிட்டால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும்.

இரண்டு, எந்தத் திட்டமானாலும் பலன் தரும் என்று நம்பிவிட வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பள்ளிகளில் உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் சொல்லிக்கொடுக்கும் 213 திட்டங்களையும், 2,70,000க்கு மேற்பட்ட மாணவர்களையும் எடுத்துக்கொண்டது. நூறு பேரில் நடுவில் இருக்கும் மாணவன், படிப்பில் 11 இடம் முன்னேறுகிற அளவுக்குப் பலன் தெரிந்தது. படிப்படியாக, செய்துபார்த்து, நேரம் ஒதுக்கி, எந்தத் திறன் என்று தெளிவாகச் சொல்லி நடத்திய திட்டங்களே நன்றாக வேலை செய்தன. ஆனால் 2022இல் முடிவு வெளியான, 85 பள்ளிகளில் நடந்த பிரிட்டன் ஆய்வில், பிள்ளைகளுக்கு நடத்திய மனக்குவிப்பு (இந்த நொடியில் கவனத்தை நிறுத்தும் பயிற்சி) வகுப்புகள், உணர்வுகள் பற்றிப் பள்ளிகள் வழக்கமாக நடத்தும் பாடங்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிற நிர்வாகங்களுக்கு இதைக் காட்டலாம்.

ஒரு தாய்

என் மகள் போன வாரம் தம்பியுடன் சண்டை போட்டுவிட்டு, "இப்ப எனக்கு எரிச்சலா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாமா" என்றாள். எங்கள் வீட்டில் பெரியவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நன்றி.

ஆறாம் வகுப்பு ஆசிரியை

ஆலோசகர் சொன்ன மடித்த சீட்டு நல்ல யோசனை, திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறேன்.

இதற்கு மார்க் போடலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மார்க் என்று வந்ததும் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவார்கள். இடைவேளையில் யார் தனியாக நிற்கிறார்கள், சண்டை வந்தால் எவ்வளவு நேரத்தில் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள், தப்பான விடை சொன்னவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறதா என்பதைத்தான் நான் குறித்து வைக்கிறேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் இதைச் செய்பவர்கள் இருந்தால் எழுதுங்கள். அந்த வயதில் பலகையில் பெயர் ஒட்டச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்கு எது சரியாக வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.