ஆவணியில் மறைந்தவருக்குச் சித்திரையில் விளக்கு

‘ஆயா வீடு’ குழு
2026 மே 9, சனிக்கிழமை

சரோஜா பெரியம்மா, காலை 6.48
அனைவருக்கும் வணக்கம். இன்று அப்பாவின் நினைவு நாள் என்று குடும்பப் பட்டியலில் கண்டதால், விடியற்காலையிலேயே குளித்து விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த பருப்பு வடையும் பாயசமும் படைத்தேன். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஆயா, காலை 7.05
சரோஜா, வடை நல்ல பதமாக வந்திருக்கிறது. ஆனால் உன் அப்பா காலமானது ஆவணி மாதத்தில், 1987 செப்டம்பர் 5 அன்று. இப்போது சித்திரையே முடியவில்லை. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார்?

தேவன் மாமா, காலை 7.19
அம்மா, பட்டியலைத் தொடங்கியவன் நான்தான். ஆனால் நான் எழுதியது செப்டம்பர் 5 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது பிரியா அனுப்பிய கோப்பை ஓப்பன் பண்ணிப் பார்த்தால் 1987/05/09 என்று இருக்கிறது.

ஆயா, காலை 7.22
‘திறந்து பார்த்தால்’ என்று எழுது, தேவா. முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளையிடம் இதைப் படிக்க வேண்டுமா?

பிரியா, காலை 7.40
நான் எதையும் மாற்றவில்லை, மாமா. நினைவு நாள்களைக் கைப்பேசி நாட்காட்டியில் ஏற்றித் தருவதாகக் காவேரி சொன்னதால், உங்கள் கோப்பை, காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துகளாக வைக்கும் சிஎஸ்வி வடிவில் சேமித்து அட்லாண்டாவுக்கு அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பிய எக்செல் கோப்பைத்தான் அப்படியே எல்லோருக்கும் பகிர்ந்தேன்.

குமரன் அண்ணன், காலை 8.02
இங்கே தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் குளிர் தாங்க முடியவில்லை. போர்வைக்குள் இருந்தபடியே கோப்பைப் பார்த்தேன். யாரும் கை வைக்காமலேயே தேதிகள் புரண்டிருக்கின்றன. சிஎஸ்வி கோப்பில் தேதி என்று தனியாக ஒன்று கிடையாது. அதில் இருப்பது 05/09/1987 என்ற எழுத்துகள் மட்டுமே. அதைத் திறக்கும் கணினிதான் எது நாள், எது மாதம் என்று தன் ஊர் வழக்கப்படி முடிவு செய்கிறது. மாமா நம் கைப்பழக்கப்படி நாளை முதலில் எழுதினார். அமெரிக்க அமைப்பில் உள்ள காவேரியின் கணினி முதலில் வருவதை மாதம் என்று எடுத்துக்கொண்டது. அந்த நொடியில் செப்டம்பர் 5 மே 9 ஆகிவிட்டது. அவள் எக்செல் கோப்பாகச் சேமித்தபோது அது 31906 என்ற எண்ணாக உறைந்துவிட்டது; சரியான நாளுக்குரிய எண் 32025.

சரோஜா பெரியம்மா, காலை 8.10
அது என்ன எண், குமரா? நான் பட்டியலில் அப்படி எதையும் பார்க்கவில்லையே.

குமரன் அண்ணன், காலை 8.21
பார்க்க முடியாது, அம்மா. எக்செல் தேதியை உள்ளே நாள் கணக்காகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1, மறுநாள் 2 என்று எண்ணிக்கொண்டே போகும். நம் கண்ணுக்குத் தெரிவது அந்த எண்ணுக்குப் போர்த்திய சட்டை. கட்டத்தின் வடிவத்தை ‘ஜெனரல்’ என்று மாற்றிப் பாருங்கள், சட்டை கழன்று எண் தெரியும். எழுத்தாகவே நின்றுவிட்ட தேதி என்றால் எதுவும் மாறாது.

தேவன் மாமா, காலை 8.34
அப்படியென்றால் எல்லாத் தேதிகளும் புரண்டிருக்க வேண்டுமே? சரோஜா அக்காவின் திருமண நாள் 21/06/1975 என்று நான் எழுதியபடியே இருக்கிறது.

குமரன் அண்ணன், காலை 8.50
அங்கேதான் சூது இருக்கிறது, மாமா. இருபத்தோராவது மாதம் என்று ஒன்று இல்லாததால் காவேரியின் கணினி அதைத் தேதியாகவே ஏற்கவில்லை, எழுத்தாக விட்டுவிட்டது. பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். 64 வரிகளில் 39 வரிகள் கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டி, நாள் முதலில் இருக்கும்படி நிற்கின்றன. மீதி 25 வலது ஓரமாக நின்று, ஆண்டை முதலில் காட்டுகின்றன. வலப்பக்கம் நிற்பவை மட்டுமே கணினி தேதி என்று நம்பியவை. தென்னாப்பிரிக்க அமைப்பில் ஆண்டுதான் முதலில் வரும் என்பதால் நம் கணினிகளில் அவற்றின் தோற்றமும் மாறிவிட்டது. அந்த 25-இல் ஒன்றிலாவது நாள் 12-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட மாதத்தின் பிற்பாதியில் பிறக்கவோ இறக்கவோ இல்லை என்று ஒரு பட்டியல் சொன்னால், அதை நம்பக் கூடாது. ஜூலை 7, நவம்பர் 11 என நாளும் மாதமும் ஒன்றாக உள்ள இரண்டு வரிகள் தப்பின. ஆக, தவறானவை 23.

பிரியா, காலை 8.58
எல்லாமே தவறாக இருந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். பாதி சரியாகத் தெரிந்ததால்தான் நான் ஏமாந்தேன்.

காவேரி, பிற்பகல் 1.15
இங்கே இப்போதுதான் விடிந்தது. எழுந்து பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன்! நான் செய்ததெல்லாம் கோப்பின் மேல் இரண்டு முறை தட்டித் திறந்ததுதான், அண்ணா. அது என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

குமரன் அண்ணன், பிற்பகல் 1.31
கேட்காது, காவேரி. சிஎஸ்வியைத் தட்டித் திறக்காமல், முதலில் ஒரு வெற்று விரிதாளைத் திறந்து, டேட்டா பகுதி வழியாக அந்தக் கோப்பை உள்ளே இழுத்து, தேதி உள்ள நெடுவரிசையை நாள்-மாதம்-ஆண்டு என்று நீயே அறிவித்தால்தான் அது நம் சொல்லைக் கேட்கும். மாமா பயன்படுத்தும் லிபர்ஆபிஸ் இந்த விஷயத்தில் மேல்; சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒரு பெட்டியைக் காட்டி, ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று சொல்ல இடம் தருகிறது.

தேவன் மாமா, பிற்பகல் 1.36
காசு கொடுக்காத மென்பொருள் என்று என்னைக் கேலி செய்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆயா, பிற்பகல் 2.04
பட்டியலை இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான் 1934 ஜூலை 21 அன்று பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்தது 1938 ஜூலை 22. எனக்கு எண்பத்தேழு வயது, தொண்ணூற்றொன்று அல்ல. இதையும் அமெரிக்காதான் செய்ததா?

காவேரி, பிற்பகல் 2.09
இல்லை, ஆயா! நாளும் மாதமும் இடம் மாறினால் ஆண்டு மாறாது. இந்தப் பழியை நான் ஏற்க மாட்டேன்.

பிரியா, பிற்பகல் 2.26
ஆயாவின் பிறந்த நாளும் உடன்பிறந்தோர் பிறந்த நாள்களும் காலஞ்சென்ற சின்னத் தாத்தாவின் பழைய மேக் கணினியில் இருந்த கோப்பிலிருந்து வந்தவை. அந்தக் கோப்பில் சரியாகத்தான் தெரிந்தன. அங்கிருந்து நகலெடுத்து நம் பட்டியலில் ஒட்டினேன். ஆறு பேருக்கும் நான்கு வயது கூடியிருக்கிறது.

குமரன் அண்ணன், பிற்பகல் 2.47
நான்கு ஆண்டும் ஒரு நாளும், பிரியா. 1462 நாள்கள். இந்த எண்ணைக் கண்டாலே நோயின் பெயர் தெரிந்துவிடும். ஆரம்பகால மேக் கணினிகள் நாள் கணக்கை 1900-இலிருந்து அல்ல, 1904 ஜனவரி 1-இலிருந்து தொடங்கின. மேக்கிற்கான எக்செல் 2008 பதிப்பு வரையில் அதுதான் வழக்கம். 2011 பதிப்பிலிருந்து அதுவும் 1900-க்கு வந்துவிட்டது. எந்தக் கணக்கு என்ற குறிப்பு ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இருக்கிறது. அதனால் முழுக் கோப்பையும் எந்தக் கணினியில் திறந்தாலும் பிழை வராது. ஆனால் கட்டங்களை மட்டும் நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் எண் மட்டும் போகும், அந்தக் குறிப்பு கூடப் போகாது. மூலக் கோப்பில் ஆயாவின் கட்டத்தில் இருப்பது 12621. 1904-இலிருந்து எண்ணினால் அது 1938 ஜூலை 22. 1900-இலிருந்து எண்ணினால் 1934 ஜூலை 21.

ஆயா, பிற்பகல் 2.55
ஏன் 1904? பாதியில் தொடங்குவானேன்?

குமரன் அண்ணன், பிற்பகல் 3.12
1900 ஒரு தொல்லை பிடித்த ஆண்டு, ஆயா. நான்கால் வகுபடும் என்றாலும் அது லீப் ஆண்டு அல்ல; நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட வேண்டும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் அதை லீப் ஆண்டாகவே வைத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தப் பிழையைத் தெரிந்தே சுமந்தது. அதன் கணக்கில் 60-ஆம் எண், உலகில் இல்லாத 1900 பிப்ரவரி 29. மேக்கின் கணக்கு 1904-இல் தொடங்கியதால் அந்தச் சிக்கலுக்கு வெளியே நின்றது. லிபர்ஆபிஸ் தன் கணக்கின் தொடக்கத்தை 1899 டிசம்பர் 30-இல் வைத்து, 1900 மார்ச் 1 முதல் எக்செலோடு சரியாகப் பொருந்திக்கொள்கிறது. அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் மட்டும் ஒரு நாள் வேறுபாடு உண்டு. 21 என்ற ஒரே எண், எக்செலில் ஜனவரி 21, லிபர்ஆபிஸில் ஜனவரி 20.

ஆயா, பிற்பகல் 3.15
பஞ்சாங்கத்தில் இல்லாத நாளைப் பிழை என்று தெரிந்தும் வைத்திருக்கிறார்களா? நல்ல கூத்து.

பிரியா, பிற்பகல் 3.30
1900 என்றதும் நினைவுக்கு வருகிறது. மாமா எழுதிய கொள்ளுத் தாத்தாவின் வருகைத் தேதி எனக்கு வெறும் ##### என்று தெரிகிறது. நெடுவரிசையை எவ்வளவு அகலமாக்கினாலும் முள்வேலி நீள்கிறதே தவிர, தேதி வரவில்லை.

தேவன் மாமா, பிற்பகல் 3.44
என் கணினியில் அது 1889 என்று அழகாகத் தெரிகிறதே! எத்தனை நாள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கப்பல் பட்டியல்களைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தேன் தெரியுமா?

குமரன் அண்ணன், பிற்பகல் 4.05
இருவர் சொல்வதும் உண்மை. லிபர்ஆபிஸ் தன் தொடக்க நாளுக்கு முந்தியவற்றைக் கழித்தல் எண்ணாக வைத்துக்கொள்ளும். எக்செலுக்கோ 1900-க்கு முன் உலகமே இல்லை. கழித்தல் எண்ணைத் தேதியாகக் காட்டச் சொன்னால் வேலி போட்டுவிடும். எக்செலிலேயே 1889-ஆம் ஆண்டின் முழுத் தேதியைத் தட்டச்சு செய்தால் எழுத்தாக ஏற்கும். ஆனால் வரிசைப்படுத்தும்போது எண்கள் முன்னே, எழுத்துகள் பின்னே. 1902-இல் வந்த கொள்ளுப் பாட்டி, 1889-இல் வந்தவருக்கு முன்னால் போய் நிற்பார். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்னக் குறை அல்ல. முதல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஆட்கள் வந்தது 1911 வரை. அந்த ஐம்பத்தோரு ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எக்செலின் கணக்குக்கு வெளியே இருக்கின்றன.

தேவன் மாமா, பிற்பகல் 4.11
அப்படியானால் என்ன செய்வது? நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடலாமா?

குமரன் அண்ணன், பிற்பகல் 4.38
வேண்டாம், மாமா. முன்னோர் வருகைக்கு மட்டும் ஆண்டு, மாதம், நாள் என மூன்று நெடுவரிசைகள் வைத்து, மூன்றிலும் வெறும் எண்களை எழுதுங்கள். எந்த மென்பொருளிலும் ஒழுங்காக வரிசைப்படும். மற்ற தேதிகளை 1987-09-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், பூச்சியம் விடாமல் எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்வது அதைத்தான். அமெரிக்கக் கணினியும் அதைத் தவறாகப் படிப்பதில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரியும் வடிவமே கோப்பில் இறங்கும் என்பதால், சேமிப்பதற்கு முன்பே கட்டங்களை அந்த வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதவே கூடாது. தாத்தாவின் பிறந்த ஆண்டை மாமா ‘28’ என்று எழுதியதால், அவர் 2028-இல்தான் பிறக்கப் போகிறார்.

சரோஜா பெரியம்மா, பிற்பகல் 4.41
என் வீட்டு எண் 12-3 என்பதையும் அது டிசம்பர் 3 ஆக்கி வைத்திருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார்?

பிரியா, பிற்பகல் 4.52
அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும், பெரியம்மா, என் கவனக்குறைவு. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கும் இதே தொல்லைதான். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

2026 மே 10, ஞாயிற்றுக்கிழமை

குமரன் அண்ணன், காலை 9.20
புரண்ட கோப்பைத் திருத்தப் போகாமல், மாமாவின் கணினியில் இருந்த மூலக் கோப்பிலிருந்தே பட்டியலை மறுபடி எடுத்தேன். ஒட்டுப் போட்ட துணியில் எங்கே கிழிசல் என்று தேடுவதைவிட இது எளிது. ஆயாவின் உடன்பிறந்தோர் வரிகளுக்கு, வெற்றுக் கட்டம் ஒன்றில் 1462 என்று எழுதி, அதை நகலெடுத்து, அந்த ஆறு கட்டங்களை மட்டும் தேர்ந்து, பேஸ்ட் ஸ்பெஷல் வழியாகக் கூட்டினேன். கோப்பின் அமைப்பில் 1904 என்று குறியிட்டால் போதாதா என்று பிரியா கேட்டாள். அப்படிச் செய்தால் இந்த ஆறும் சரியாகி, மற்ற எல்லாம் நான்கு ஆண்டு தள்ளிப் போய்விடும்.

தேவன் மாமா, காலை 9.33
இன்னும் ஏதாவது தவறு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

குமரன் அண்ணன், காலை 9.45
உயிரோடு இருப்பவர்களுக்கு எளிய சோதனை உண்டு, மாமா. நம் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் தானே. ஆயாவுடையது 380722 என்று தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் அட்டையை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று மட்டும் இங்கே சொல்லுங்கள். எண்ணைக் குழுவில் எழுத வேண்டாம், அட்டையைப் படம் பிடித்தும் அனுப்ப வேண்டாம். பெரிய மனிதர்களைத்தான் சொல்கிறேன்.

தேவன் மாமா, காலை 9.47
சரி. (படம் பிடித்துவிட்டேன், அனுப்பவில்லை.)

சரோஜா பெரியம்மா, காலை 9.58
எனக்கும் சரி. அப்பாவுக்குச் செப்டம்பர் 5 அன்று மறுபடியும் படைத்துவிடுகிறேன். இந்த ஆண்டு அதுவும் சனிக்கிழமைதான்.

ஆயா, காலை 10.20
என் பிறந்த நாள் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், குமரா. நினைவு நாளை ஆங்கிலத் தேதிக்குக் கொண்டாடுவதே உங்கள் வசதிக்காகத்தான். உன் தாத்தாவின் திதி ஆவணி வளர்பிறையில் வருகிறது. ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் விழும். அதற்கு உன் பட்டியலில் இடம் இருக்கிறதா?

குமரன் அண்ணன், காலை 10.31
தாராளமாக இருக்கிறது, ஆயா. ‘திதி’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, எழுத்து வகை என்று குறித்துவிட்டேன். ‘ஆவணி வளர்பிறை’ என்று எழுதினால் அட்லாண்டாவிலும் அது ஆவணி வளர்பிறையாகவே திறக்கும்.

பிரியா, காலை 10.34
ஒவ்வொருவருக்கும் என்ன திதி என்று நீங்கள் சொல்லுங்கள், ஆயா, நான் எழுதிக்கொள்கிறேன்.

ஆயா, காலை 10.36
நோட்டுப் புத்தகம் பூசை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பத்து நிமிடம் பொறு, எடுத்துக்கொண்டு வருகிறேன்.