கட்டிடமும் நிறுவனமும் ஒரே உருப்படியா?

வலைத்தும்பி:
நேற்று இங்கே ஒருவர், "விக்கித்தரவில் கட்டிடத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது வீண் வேலை, பார்த்த இடத்திலெல்லாம் இணைத்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான தரவுத்தளம். அதில் ஒவ்வொன்றுக்கும் உள்ள தனிப் பக்கம்தான் உருப்படி. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். கட்டிடம் 1900இல் ரயில் நிலையமாகத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் திறந்தது 1986இல். நிலையத்தை வடிவமைத்த விக்டர் லலூ 1937இலேயே இறந்துவிட்டார். இரண்டையும் ஒன்றாக்கினால், அவர் செத்து 49 வருஷம் கழித்துத் திறந்த நிறுவனத்துக்கு அவரே கட்டிடக் கலைஞர். இதற்குப் பெயர் தரவா?

முத்திரைமோதிரம்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணோடு ஒரு பண்பு இருக்கிறது: தொடங்கிய நாளுக்கு பி571, திறப்பு நாளுக்கு பி1619. இரண்டும் ஒரே உருப்படியில் தாராளமாக இருக்கலாம். ஓர்சே மாதிரி ஒன்றைக் காட்டிச் சாதாரண நூலகங்களையெல்லாம் ஏன் கூறுபோடுகிறீர்கள்? விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றுதான், அது ஓர் உருப்படியோடுதான் இணையும். கட்டிடக் கலைஞரை நீங்கள் இன்னோர் உருப்படிக்கு மாற்றிய அன்றே, விக்கித்தரவை நம்பியிருக்கும், கட்டுரையின் ஓரத்துத் தகவல்பெட்டியில் அந்த வரி காணாமல் போகிறது. வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு புள்ளி வேறு.

வலைத்தும்பி:
நான் தேதியைக் கேட்கவில்லை. லலூவைக் கேட்டேன். கட்டிடக் கலைஞருக்கான பி84 எந்த உருப்படிக்குப் போகும்?

சொல்லேருழவன்77:
இருவருக்கும் ஒன்று. அது கட்டடம். கட்டிடம் என்றால் கட்டுவதற்கான இடம். கருத்தைத் தெளிவாக்க வந்தவர்கள் முதலில் சொல்லைத் தெளிவாக்குங்கள்.

முத்திரைமோதிரம்:
எல்லாரும் எழுதுவது கட்டிடம்தான். போன மாதம் உருப்படிகளுக்கு நான் வைத்த பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டுப் போனது நீங்கள்தானே? அதை நான் மறக்கவில்லை.

சொல்லேருழவன்77:
தவறாக இருந்தது, மாற்றினேன். இன்னும் இருந்தால் அதையும் மாற்றுவேன்.

நள்ளிரவுத்தொகுப்பி:
லலூ லலூ என்கிறீர்கள். ரயில் நிலையத்தை உள்ளே அருங்காட்சியகமாக அமைத்தவர் காயே அவுலென்ட்டி. அவரை எங்கே வைப்பீர்கள்? அவருக்காக மூன்றாவது உருப்படியா?

வலைத்தும்பி:
அவுலென்ட்டி வேலை செய்ததும் கட்டிடத்தின் மேல்தான், நிறுவனத்தின் மேல் இல்லை. என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மோனா லிசா 1911இல் லூவரிலிருந்து திருடு போனது, 1913 கடைசியில் ஃபிளாரன்ஸில் கிடைத்தது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓவியம் லூவரில் இருந்ததா? கட்டிடத்தில் இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் சொத்தாகத்தான் இருந்தது. இருப்பிடத்துக்கு பி276, சேகரிப்புக்கு பி195 என்று இரண்டு பண்பு இருப்பது இதற்காகத்தான். இருப்பிடம் கட்டிடத்தைப் பார்க்கிறது, சேகரிப்பு நிறுவனத்தைப் பார்க்கிறது. லூவருக்கு அரண்மனை தனி, அருங்காட்சியகம் தனி என்று இரண்டு உருப்படி இருக்கிறதே, அதையும் இணைப்பீர்களா? முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுரை இருப்பதால் மென்பொருளே தடுத்துவிடும். தடுக்க ஆளில்லாத சின்ன நூலகங்கள்தான் உங்களிடம் மாட்டுகின்றன.

நான் இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் மேற்கோள் தேடிப் பிரித்து வைத்தவை அவை. நீங்கள் இணைத்ததில், ஒரே இரவில் வேறு உருப்படிக்கு அனுப்பும் வெறும் வழிமாற்றாகிக் கிடக்கின்றன. இணைக்க இரண்டு சொடுக்கு போதும். மறுபடி பிரிக்க, எந்தக் கூற்று எதைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாக நான்தான் பார்க்க வேண்டும்.

முத்திரைமோதிரம்:
இரண்டு வாரம் உழைத்தீர்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது. நான் 2013லிருந்து தொகுக்கிறேன். நூலகம் என்று தேடி வருகிறவருக்கு ஒரு பக்கம் போதும்.

நள்ளிரவுத்தொகுப்பி:
2013லிருந்து தொகுத்தால் சட்டம் போடலாமா?

முத்திரைமோதிரம்:
உங்களிடம் பேசவில்லை.

பின்னிரவுப்பறவை:
பிரித்தே வைத்து, 'இதிலிருந்து வேறுபட்டது' என்ற பி1889ஐ இரண்டிலும் போட்டால் மறுபடி யாரும் தெரியாமல் இணைக்க மாட்டார்களே?

வலைத்தும்பி:
ஏழு உருப்படிகளில் போட்டிருந்தேன். அதை நீக்கிவிட்டுத்தான் இணைத்திருக்கிறார். தொகுப்பு வரலாற்றுப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. சரி, மறுபடி கேட்கிறேன். 1937இல் இறந்த லலூ, 1986இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு எப்படிக் கட்டிடக் கலைஞர் ஆனார்?

முத்திரைமோதிரம்:
இந்தப் பகுதிக்கு மட்டும் பொருந்தும் என்று காட்டும் பி518ஐப் போட்டு லலூவை ஒரே உருப்படியில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை சொல்வது?

வலைத்தும்பி:
எந்தப் பகுதிக்கு? கட்டிடம் என்று போட, கட்டிடத்துக்கு ஓர் உருப்படி வேண்டாமா?

சொல்லேருழவன்77:
கட்டடம்.