தொழில் தொடங்கும் எண்ணம்: கல்லூரி தருவதா, வீடு தருவதா?

கோவை ஆசிரியை:
பொறியியல் கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். "யார் சொந்தத் தொழில் செய்வீர்கள்?" என்று முதல் வகுப்பில் கேட்டால் இரண்டு மூன்று கைதான் உயரும். பருவம் முடிவதற்குள், ஏதோ ஒரு பொருளைத் தாங்களே செய்து வளாகத்தில் விற்றுப் பார்த்த பிறகு, பாதி வகுப்பு கை தூக்குகிறது. எண்ணத்தை உருவாக்குவது பயிற்சிதான்.

முதல் பட்டதாரி:
மேடம், கை நானும்தான் தூக்கினேன். கடைசி வருடம் நண்பனோடு சேர்ந்து, வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் நிறுத்தும் கருவி செய்தோம், ஊரில் நாலு பேர் விலை கூடக் கேட்டார்கள். ஆனால் கல்விக்கடன் மூன்றரை லட்சம், படிப்பு முடிந்த அடுத்த வருடம் தவணை ஆரம்பம், அப்பாவுக்கோ கூலி வேலை. கேம்பஸில் கிடைத்த வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் பணம் இருப்பவனுக்குத்தான் இந்த எண்ணம் நிலைக்கும்.

பனியன் கம்பெனி மகன்:
அப்படியும் சொல்ல முடியாதுங்க. எங்களுக்குத் திருப்பூரில் சின்ன யூனிட். பார்ட்டி நூறு நாள் பேமென்ட்டை இழுத்தடிக்க, சனிக்கிழமை சம்பளத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தேன். நானும் அக்காவும் மாதச் சம்பளம் போதும் என்று முடிவெடுத்ததே அதனால்தான்.

கோவை ஆசிரியை:
உளவியலாளர் ஐசக் அய்சன் 1991-ல் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது: அந்தச் செயல் பிடித்திருக்கிறதா, நமக்கு வேண்டியவர்கள் ஒத்துக்கொள்வார்களா, என்னால் முடியுமா, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எண்ணம் வலுப்படும். முதலாவதும் மூன்றாவதும் வகுப்பில் வளரும். பணத்துக்கு, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறதே, 25 விழுக்காடு மானியம்.

முதல் பட்டதாரி:
அதிலும் பொதுப்பிரிவு என்றால் 10 விழுக்காடு சொந்தப் பணம் போட வேண்டும், பத்து லட்சத் திட்டத்துக்கு ஒரு லட்சம், அப்புறம் பேங்க் மேனேஜரும் சம்மதிக்க வேண்டும். 'என்னால் முடியும்' என்பது மனசு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை மேடம்.

பனியன் கம்பெனி மகன்:
சரி, கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோ மென்பொருள் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்த பிறகுதானே 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சொந்த மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார்? படித்து முடித்த கையோடு தொடங்கினால்தான் எண்ணமா?

முதல் பட்டதாரி:
இல்லைதான். இன்னும் பதினான்கு தவணை இருக்கிறது. கருவி பரணில் இருக்கிறது, போன பொங்கலுக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது.