ஹிரோஷிமாவுக்கு ஒரு நாள் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டையான்:
நானே ஆரம்பிக்கிறேன். ஒசாக்காவில் ரூம் போட்டு, காலையில் ஹிரோஷிமா, மதியம் மியாஜிமா தீவு, ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் போன வருடம் திட்டம் போட்டேன். கணக்குப்படி முடியும். ஷின்-ஒசாக்காவிலிருந்து ஷிங்கான்சென் புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

நான் கணக்கில் எடுக்காதது, அணுகுண்டு விழுந்ததைப் பற்றிய அமைதி அருங்காட்சியகம். டிக்கெட் வெறும் 200 யென், ஒரு மணி நேரம் போதும் என்று எழுதி வைத்திருந்தேன். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனுடைய சாப்பாட்டு டப்பா இருக்கிறது. மூடி நெளிந்து, உள்ளே இருப்பது சாப்பாடு என்றே தெரியாமல் கரிக்கட்டியாக. என் மனைவி அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வெளியே வந்ததும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "தினமும் காலையில டப்பா கட்டுறவளுக்குத்தாங்க தெரியும்" என்றாள், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஓடிப்போய்ப் படகு ஏறி, தீவில் திரியும் மானோடு போட்டோ எடுக்க எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை. மியாஜிமா போகாமலே ஒசாக்கா திரும்பினோம்.

இந்த முறை அப்பா அம்மாவோடு போகிறேன். ஒரு ராத்திரி ஹிரோஷிமாவிலேயே தங்கலாம் என்று இருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

நாகைக்காரன்:
தங்குங்கள் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். ஆனால் மியாஜிமாவுக்கு எந்த நேரம் போவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, கடல்தான் முடிவு செய்யும்.

தீவில் இருக்கிற இட்சுகுஷிமா கோயிலின் அந்தச் சிவப்பு தோரண வாசல் கடலுக்குள் நிற்கிறது, படத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். நான் போன நேரம் அது சேற்றில் நின்றது! முதலில் ஏமாற்றம். பிறகு எல்லோரும் இறங்கி நடப்பதைப் பார்த்து நானும் போய்த் தூணைத் தொட்டேன். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத கனம், அடியில் சிப்பி ஒட்டிக் கிடக்கிறது. 16 மீட்டருக்கு மேல் உயரம், 1875-ல் வைத்தது. தூணை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்கவே இல்லையாம், சொந்தக் கனத்திலேயே நிற்கிறது.

நம்ம நாகப்பட்டினம் பக்கம் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே பெரிது. அங்கே நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் வித்தியாசம் அதிகம். ஏறினால் கோயில் மிதக்கும், ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நடக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் மிதக்கிற காட்சி, 100-க்குக் கீழே என்றால் நடை. நாள்வாரி அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். நான் ரூம் போட்டுவிட்டுத்தான் பார்த்தேன்.

போகும்போது படகின் வலது பக்கம் நில்லுங்கள். பகலில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) படகு தோரணத்தை ஒட்டி வளைந்து போகும். அப்புறம், கையில் காகிதம் வைத்துக்கொண்டு மான் பக்கம் போகாதீர்கள். என் வரைபடத்தில் பாதி ஒரு மானின் வயிற்றில் இருக்கிறது.

பூந்தி:
சைவக்காரர்களுக்கு என் பங்கு. ஹிரோஷிமா ஒகோனோமியாகியை நம் ஊர்க்காரர் யாரும் பார்த்தால் விடமாட்டார்கள். பெரிய இரும்புக் கல், அதில் மாவை நீர் தோசை மாதிரி மெல்லிசாக வார்க்கிறார்கள். மேலே ஒரு மலை முட்டைக்கோஸ். அது அடங்கியதும் நூடுல்ஸ், கீழே முட்டை, ஒரே புரட்டு. கல்லுக்கு எதிரே உட்கார்ந்து சின்னத் தோசைத்திருப்பியால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும்.

"நிக்கு நாஷி" என்றால் பன்றிக்கறி போடமாட்டார்கள். நானும் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கடைக்கார அம்மா மாவு வார்த்த கையோடு ஒரு டப்பாவிலிருந்து பொடி தூவினார். மீன் பொடி! சாஸிலும் பெரும்பாலும் ஏதாவது அசைவச் சாறு இருக்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள், கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் என்றால் சரி. சுத்த சைவப் பெற்றோரோடு போனால் புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். தீவில் மேப்பிள் இலை வடிவில் மொமிஜி மஞ்சூ விற்பார்கள், உள்ளே இனிப்புப் பயறு. என் மாமியாருக்கு அது சுழியம் மாதிரியே இருந்ததாம், ஆறு சாப்பிட்டார்.

ஈரோட்டுக்காரி:
பெரியவர்களோடு என்பதால் சொல்கிறேன். நகரத்துக்குள் டிராம் போதும், ஸ்டேஷனிலிருந்து, அணுகுண்டு வீச்சில் மிஞ்சிய கட்டிடமான கூரைக்கூடு வரை நேராகப் போகும். இறங்கும்போது காசு போட்டால் போதும். குண்டு விழுந்த மூன்றாம் நாளே, 1945 ஆகஸ்ட் 9 அன்று, ஒரு பகுதியில் டிராம் மறுபடி ஓடியிருக்கிறது. அன்று தப்பித்த வண்டியில் ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. ஆனால் மியாஜிமா படகுத்துறைக்கு டிராமில் போகாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜேஆர் ரயிலில் அரை மணி.

அப்பாவுக்கு நடக்க முடிந்தால் ஷுக்கேயென் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். 1620-ல் போட்ட தோட்டம். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 1.4 கிலோமீட்டரில், அன்றைக்குத் தப்பிய ஒரு கிங்கோ மரம் சாய்ந்தபடி நிற்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பிறகு என் அப்பா வாய் திறந்தது அந்த மரத்தடியில்தான். "வேர் பிடிச்சிருக்குல்ல" என்றார்.

ஆற்றங்கரையில் காந்தி சிலையும் உண்டு, 2023 மே மாதம் பிரதமர் மோதி திறந்து வைத்தது. கூரைக்கூட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பாஸ் விஷயம்: நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. ஹிரோஷிமா மட்டும் என்றால் அது தண்டம். கான்சாய்-ஹிரோஷிமா ஐந்து நாள் பாஸ் நான் வாங்கியபோது 17,000, ஜேஆர் படகும் அதிலேயே அடங்கும். தீவுக்கு 100 யென் வரி தனி.

மலைக்கோட்டையான்:
எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் மதியம் அருங்காட்சியகம், பிறகு எதுவும் இல்லை. மறுநாள் மரம், தீவு. இப்படி மாற்றிவிட்டேன். நாகைக்காரன் தம்பி சொன்ன பிறகு காலண்டரைப் புரட்டினேன். தீவுக்குப் போகும் நாள் அஷ்டமி. கடல் ஏறுமா?

நாகைக்காரன்:
அஷ்டமியில் முழுசாக ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது அண்ணா. தேதியை ஒரு வாரம் தள்ளுங்கள்.

மலைக்கோட்டையான்:
தள்ளிவிட்டேன். அம்மாவிடம் அஷ்டமி என்று மட்டும்தான் சொன்னேன், கடலைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை.