கேக் அளவை இருமடங்காக்கியபோது என்ன நேர்ந்தது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தெம்பனிஸ் வாசகி:
ரவையில் செய்யும் சூஜி கேக்கைச் செய்பவர்களுக்கு அதன் முறையை நான் விளக்க வேண்டியதில்லை. 250 கிராம் வெண்ணெயில் 8 அங்குலச் சதுர டின்னுக்குச் செய்யும் என் அளவு ஒருமுறையும் தவறியதில்லை என்பதால், சென்ற தீபாவளிக்கு எல்லாவற்றையும் இருமடங்காக்கி, ஓர் அங்குலம் பெரிய டின் போதும் என்று 9 அங்குலச் சதுர டின்னில் ஊற்றினேன். 170 டிகிரியில் ஒரு மணி நேரம் கழிந்தபோது மேற்புறம் நன்றாகச் சிவந்திருந்ததால் வெளியே எடுத்துவிட்டேன். மறுநாள் விருந்தினர் முன்னால் அத்தை வெட்டியபோது முதல் வரிசைத் துண்டுகள் ஒழுங்காக வந்தன. அடுத்த வரிசையில் வேகாத ரவை களிபோலக் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தட்டுகளில் அடுக்கினார். அந்த அமைதி இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

உட்லண்ட்ஸ் தந்தை:
பேக்கிங் பவுடரை ஒருபோதும் இருமடங்காக்கக் கூடாது, அக்கா. மகளின் பிறந்தநாளுக்காக வழக்கமான டின்னிலேயே இரண்டு மடங்கு சாக்லேட் கேக் மாவை ஊற்றியிருந்தேன். ஓவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, கேக் அழுகிறது" என்றாள். மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து, அடியில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது.

ஜூரோங் வாசகர்:
உட்லண்ட்ஸ் நண்பரின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டுமே நிரப்ப வேண்டிய டின்னில் இருமடங்கு மாவை ஊற்றினால், பேக்கிங் பவுடரைக் குறைத்திருந்தாலும் அது வழிந்தே இருக்கும். வீட்டளவில் இரண்டு மடங்கு வரை அதையும் மற்றப் பொருள்களோடு சேர்த்து இரட்டிப்பதில் தவறில்லை. தெம்பனிஸ் சகோதரி பரப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்: 8 அங்குலச் சதுரத்தின் பரப்பு 64 சதுர அங்குலம், 9 அங்குலச் சதுரத்தின் பரப்பு 81 மட்டுமே. ஆகவே மாவின் உயரம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் ஓரங்களிலிருந்தும் மேலிருந்தும் உள்ளே நகர்வதால், நடுப்பகுதிக்கு அது வந்து சேர்வதற்குள் மேற்புறம் சிவந்துவிடும். 9க்கு 13 அங்குலச் செவ்வக டின்னின் பரப்பு 117. இருமடங்கு மாவுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். இரண்டு 8 அங்குல டின்கள் இன்னும் பாதுகாப்பானவை. உயரமாகத்தான் சுட வேண்டுமென்றால் வெப்பத்தை 10 முதல் 20 டிகிரி வரை குறைத்து, மேற்புறம் சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடி, நிறத்தை நம்பாமல் நடுவில் குச்சியைக் குத்திப் பார்க்க வேண்டும். என் சொந்தத் தவறு பாண்டான் சிஃபான் கேக்கில் நேர்ந்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மேசை ஓவனில் ஒரு டின்தான் நுழையும். முதல் கேக் வேகும் வரை காத்திருந்த இரண்டாம் பங்கு மாவில் முட்டை வெள்ளைக்கருவின் நுரை அடங்கிப்போய், அந்தக் கேக் பாதி உயரம்கூட எழவில்லை.

செங்காங் வாசகி:
ஜூரோங் ஐயா டின்னைப் பற்றியே பேசுகிறார். என் கேக் டின்னுக்குள் போகும் முன்பே கெட்டுவிட்டது. தோழியின் பிரியாவிடை விருந்துக்காக 500 கிராம் வெண்ணெயைப் பிற்பகல் வெயிலில் காயும் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது பளபளவென்று எண்ணெய் விட்டிருந்தது. சீனியோடு எவ்வளவு அடித்தும் வெளுக்கவில்லை, நுரைக்கவுமில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த எட்டு முட்டைகளையும் அவசரமாகச் சேர்த்தேன். கலவை திரிந்த பாலைப்போலக் கட்டி கட்டியாகப் பிரிந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் வெண்ணெயை அழுத்தினால் விரல் பதியும் பக்குவத்திலேயே எடுத்துக்கொண்டு, இரண்டு கேக் வேண்டுமென்றாலும் 250 கிராமாக இருமுறை தனித்தனியே அடிக்கிறேன்.