மிசிசிப்பி டெல்டாவில் இருந்தவர்கள் எழுதுங்கள்

பருத்திக்காரன்:

அமெரிக்கா என்றால் நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா என்று நம் ஆட்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். மிசிசிப்பி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விவசாயப் படிப்பு முடித்துவிட்டு ஸ்டோன்வில்லில் பருத்தி ஆராய்ச்சிக்காகச் சில வருடம் இருந்தேன். குடியிருந்தது பக்கத்து ஊரான லீலண்டில். நான் ஆரம்பித்து வைக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

மெம்பிஸிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் மேடு பள்ளமெல்லாம் தீர்ந்து, தரை தட்டையாகிவிடும். அங்கிருந்து விக்ஸ்பர்க் வரை சுமார் 200 மைலுக்கு அப்படியேதான். மேற்கே மிசிசிப்பி ஆறு, கிழக்கே யாசூ ஆறு, நடுவில் இரண்டும் காலங்காலமாகக் கரைபுரண்டு கொட்டிய வண்டல். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பேர் டெல்டாதான். மண்ணில் ஒரு வகையைப் பக்‌ஷாட் என்பார்கள். நல்ல களி. மழை பெய்த மறுநாள் வயலில் இறங்கினால் பூட்ஸை விடாது. ஆகஸ்டில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865 வாக்கில்கூட இதில் பெரும்பகுதி சதுப்புக் காடு. கரடியும் பாம்பும் மலேரியாவும்தான். காட்டை வெட்டி, கரை கட்டி, வயலாக்கியது பெரும்பாலும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்கள். நாட்டிலேயே ஆக வளமான மண்களில் ஒன்று இது. நாட்டிலேயே ஆக ஏழையான ஊர்களில் சிலவும் இதன் மேல்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வரை இந்த மாநிலத்தில் எதைத் தொட்டாலும், பாட்டோ கொலையோ கடைத்தெருவோ, நூல் கடைசியில் பருத்தியில் போய்த்தான் முடியும்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் நிலையத்தில் வயல் உதவியாளராக இருந்த ஒரு பெரியவர். கறுப்பினத்தவர், எழுபதை நெருங்கியவர். என்னை "டாக்" (டாக்டர் என்பதன் சுருக்கம்) என்றுதான் கூப்பிடுவார். விளைச்சல் கணக்குக்காகக் கையால் பஞ்சு எடுக்கும் நாட்களில் நான் ஒரு வரிசையைப் பாதி முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டு வரப்பில் நிற்பார். காயின் ஓட்டு முனை நகக்கண்ணில் குத்தி என் விரலெல்லாம் ரத்தம். அவர் விரலில் ஒரு கீறல் இருக்காது. ஐந்து விரலையும் மேலிருந்து குவித்து ஒரே இழுப்பில் நாலு சுளையையும் எடுக்க வேண்டுமாம். ஆறு வயதில் அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தது.

அவர் அப்பா விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர். நிலம், விதை, கோவேறு கழுதை எல்லாம் முதலாளியுடையது. வருடம் முழுக்க மாவும் எண்ணெயும் துணியும் முதலாளியின் கடையில் கடன். டிசம்பரில் கணக்கு முடிப்பார்கள். கணக்கு எழுதுகிறவரும் முதலாளிதான், அப்புறம் என்ன மிஞ்சும்? "நல்லா விளைஞ்ச வருஷம் கடன் குறையும், மோசமான வருஷம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் பஞ்சு எடுக்கும் எந்திரத்தை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டினார்கள். கைதேர்ந்த ஆள் மணிக்கு 20 பவுண்டு எடுத்தால் எந்திரம் 1,000 பவுண்டு எடுத்தது. அடுத்த இருபது வருடத்தில் டெல்டா காலியானது. பெரியவரின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகச் சிகாகோ ரயில் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் அம்மாவுக்காகத் தங்கினார். ஜூலையில் குடும்பம் மொத்தமும் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, முதுகில் குடும்பப் பேரை அச்சடித்து, ஊருக்கு வந்து இறங்கும். அன்று அவர் வீட்டு முற்றத்தில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். சிகாகோவிலிருந்து வந்த பிள்ளைகள் கொசுவைப் பார்த்து அலறுவதை அவர் ரசித்துச் சிரிப்பார்.

ஒரு நாள் மனி என்ற ஊருக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் 1955இல் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த இடம் அது. அங்கே கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 அதிகாலை வீடு புகுந்து தூக்கிப்போய்க் கொன்றார்கள். உடம்பைத் தலாஹாட்சி ஆற்றில் போட்டபோது கழுத்தில் கட்டிய பாரம் எது தெரியுமா? பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தின் இரும்பு விசிறி. முள்கம்பியால் கட்டியிருந்தார்கள். சம்னர் ஊர் நீதிமன்றத்தில் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் பிடிபட்ட இருவரும் குற்றவாளிகள் இல்லை என்றது. சில மாதம் கழித்து அதே இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பெரியவர் வரவில்லை. "டாக், அந்த ரோட்டில் நான் போகாத வாரம் கிடையாது. எறங்கிப் பார்க்க அங்க எனக்கு என்ன இருக்கு?" என்றார். தனியாகத்தான் போனேன். கடை கூரையில்லாமல் கொடி படர்ந்து நிற்கிறது. பையனின் உடலைக் கரையேற்றியதாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு பலகை வைத்தார்கள், ஆற்றில் பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி வைத்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். 2019இல் வைத்தது குண்டு துளைக்காத எஃகுப் பலகை. ஒரு குழந்தையின் நினைவுப் பலகைக்குக் கவசம் போட வேண்டியிருக்கிறது என்றால் ஊரின் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதே சம்னரில் 2007இல் மாவட்டத்தார், கறுப்பர் வெள்ளையர் இருவரும் சேர்ந்து, அந்தக் குடும்பத்திடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லீலண்டில் குழந்தைகளுக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. கெர்மிட் தவளைப் பொம்மையை உருவாக்கிய ஜிம் ஹென்சன் சிறுவயதில் வளர்ந்த ஊர் அது. டீர் கிரீக் ஓடைக்கரையில் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஊரில் இருந்து யார் வந்தாலும் மனியைக் காட்டுவதற்கு முன் அங்கே கூட்டிப்போவேன்.

கிளீவ்லண்ட் அக்கா:

தம்பி நல்லா ஆரம்பிச்சீங்க. சாப்பாட்டை விட்டுட்டீங்களே, அதை நான் சொல்கிறேன். என் கணவர் டெல்டாவில் இருக்கும் கிளீவ்லண்டில் டாக்டர். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் கிடைக்காததால் விசா சலுகையில் வெளிநாட்டு டாக்டர்களை எடுப்பார்கள், அப்படிப் போனவர்கள் நாங்கள்.

நாங்கள் சைவம். முதல் மாதமே தெரிந்துவிட்டது, அங்கே கீரையும் சைவம் கிடையாது. கொலார்ட் கீரையில் கறி போட்டிருக்கிறதா என்று கேட்டால், "நோ மேம், கறியெல்லாம் இல்லை, ருசிக்குக் கொஞ்சம் பன்றிக்கால் மட்டும்தான்" என்று பரிமாறுகிற பெண் சிரித்த முகமாகச் சொல்வாள். வெண்டைக்காய்தான் எங்களைக் காப்பாற்றியது. சோள மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்துக் கொடுப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த காய் அது. காராமணியும் அப்படித்தான். புத்தாண்டு அன்று காராமணியும் கீரையும் சாப்பிட்டால் அந்த வருடம் காசு சேரும் என்று கறுப்பர் வெள்ளையர் இரண்டு வீட்டிலும் சமைப்பார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி என் வீட்டுக் காராமணிக் குழம்பைப் பக்கத்து வீட்டம்மா வாங்கிப்போனார். காரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆனால் பாத்திரத்தைக் கழுவிக் கேக் வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று ஹாட் டமாலே. சோள மாவுக்குள் மசாலாக் கறி வைத்து, சோளத்தோகையில் சுற்றி, மூன்று மூன்றாகக் கட்டிக் காரச் சாறில் கொதிக்க வைப்பார்கள். பார்க்க நம் இலைக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். மெக்சிகோக்காரர்களின் பண்டம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பருத்தி எடுக்க வந்த மெக்சிகோக் கூலிகளிடமிருந்து கறுப்பினத் தொழிலாளிகள் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. கிரீன்வில்லில் அக்டோபரில் இதற்கென்றே திருவிழா நடக்கும்.

எங்கள் ஊரைப் பற்றி யாரும் எதிர்பார்க்காத விஷயம் சீனர்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தோட்ட முதலாளிகள் அவர்களைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். வயல் வேலை கட்டுப்படியாகாது என்று கண்டதும் மளிகைக்கடை போட்டுவிட்டார்கள். வெள்ளையர் கடையில் மரியாதை கிடைக்காத கறுப்பின மக்கள்தான் வாடிக்கை. கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். 1924இல் ரோஸ்டேல் ஊரில் மார்த்தா லம் என்ற ஒன்பது வயதுப் பெண்ணை, நீ வெள்ளை இல்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். அப்பா உச்சநீதிமன்றம் வரை போனார். 1927இல் தோற்றார். குடும்பம் ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவுக்கே போய்விட்டது. கிளீவ்லண்டில் டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெல்டாச் சீனர்களுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லாப்பெட்டியும் தராசும் பார்த்தபோது, நெடுஞ்சாலை நெடுக மோட்டல் நடத்துகிற குஜராத்தி ஆட்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

அப்புறம், முதல் சந்திப்பிலேயே எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள், சாதி கேட்கிற மாதிரி இல்லை அது. எங்கேயும் போவதில்லை என்றால் எங்களோடு வாருங்கள் என்பார்கள். எனக்கு வந்த அழைப்பில் பாதி சாப்பாட்டுக்காகவே போயிருக்கலாம்.

ஜாக்சன்வாசி:

அண்ணா, டெல்டா மட்டும்தான் மிசிசிப்பியா? நான் தலைநகரில் மென்பொருள் வேலை பார்த்தவன். 2017 டிசம்பரில் திறந்த சிவில் உரிமை அருங்காட்சியகத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தெற்கு மாநில அரசே பணம் போட்டு, தன் ஊர் செய்த அநியாயத்தைச் சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறது. கும்பல் அடித்துக் கொன்றவர்களின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸைக் கொன்ற துப்பாக்கியே கண்ணாடிக்குள் இருக்கிறது. 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவரை முதுகில் சுட்டார்கள். 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்து இரண்டிலும் ஜூரி முடிவுக்கு வரவில்லை. கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். அந்த வீடும் இப்போது நினைவுச்சின்னம். மற்ற வீடுகளைப் போல முன்வாசல் தெருவைப் பார்த்து இல்லை, கார் நிறுத்துமிடப் பக்கமாக இருக்கும். பாதுகாப்புக்காக அவரே தேர்ந்தெடுத்தது.

நடு மண்டபத்தில் ஒரு ஒளிச்சிற்பம். ஆட்கள் கூடக் கூட வெளிச்சமும் பாட்டும் ஏறும். நான் வேலை நாள் மத்தியானம் போனதால் மங்கலாக இருந்தது. பின்னாலேயே ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்றது, அப்புறம் கேட்கவா வேண்டும்.

கொடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1894லிருந்து மாநிலக் கொடியின் மூலையில், அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து போன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புப் படைச் சின்னம் இருந்தது. 2020 ஜூனில் இறக்கினார்கள். நவம்பரில் மக்களே வாக்களித்து மேக்னோலியாப் பூ போட்ட கொடியை ஏற்றுக்கொண்டார்கள். என் அலுவலகத்தில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. காபி கோப்பையில் பழைய கொடி ஒட்டியிருந்த ஒருவர் மட்டும் கோப்பையை மாற்றினார்.

விக்ஸ்பர்க் போனால் 1863 முற்றுகை நடந்த போர்க்களம் பார்க்கலாம். 47 நாள் குண்டு விழ விழ ஊரே குகை தோண்டிக் குடியிருந்தது. கோகோ கோலாவை முதன்முதலாகப் புட்டியில் அடைத்து விற்றதும் அந்த ஊரில்தான், 1894இல்.

புதியவன்:

எனக்கு கிரீன்வில்லில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா? சுற்றிப் பார்க்க எது நல்ல மாதம்?

பருத்திக்காரன்:

தாராளமாகப் போங்கள் தம்பி. சம்பளத்துக்கு அங்கே வாடகை ஒரு பொருட்டே இல்லை. கார் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, முதலில் அதை வாங்குங்கள். இந்திய மளிகைக்கு மெம்பிஸ் அல்லது ஜாக்சன் போக வேண்டும், இரண்டும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. புளியையும் பருப்பையும் மொத்தமாக வாங்கி வையுங்கள்.

அக்டோபர்தான் மாதம். இலை உதிர மருந்தடித்து வயல் முழுக்க வெள்ளையாக நிற்கும், மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய பஞ்சு உருளைகள் ரோட்டோரம் கிடக்கும். ஏப்ரலில் கிளார்க்ஸ்டேல் போனால் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைத் திருவிழா. இண்டியனோலாவில் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் அருங்காட்சியகம், அவர் சமாதியும் அங்கேதான். ரூல்வில்லில் ஃபேனி லூ ஹேமர் சிலை. ஓட்டுரிமைக்குப் பதியப் போனதற்காக 1962இல் 18 வருடம் வேலை செய்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர்.

கிரீன்வில்லிலேயே 1927 வெள்ளத்துக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. ஏப்ரல் 21 அன்று ஊருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்து டெல்டா மூழ்கியது. வெள்ளையர்களைப் படகில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களைக் கரை மேலேயே நிறுத்தி வேலை வாங்கினார்கள். விட்டால் திரும்பி வரமாட்டார்கள், பஞ்சு எடுக்க ஆளிருக்காது என்ற பயம் முதலாளிகளுக்கு. அதைப் படித்துவிட்டுக் கரை மேல் ஏறி ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் போகாதீர்கள், கொசு பிய்த்து எடுத்துவிடும்.