தேதி மட்டும் போட்டுக்கலாமா மேடம்?

ஆஸ்பத்திரிக்கு வக்கீல் என்றால் தவறான சிகிச்சை வழக்குதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். என் வேலையில் பாதிக்கு மேல் லைசென்ஸ், ரிஜிஸ்டர், நோட்டீஸுக்குப் பதில். அதில் ஒரு ராத்திரி மறக்காது.

தென் மாவட்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். மறுநாள் ஜே.டி. ஆபீஸிலிருந்து, அதாவது மாவட்ட சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து, ஆய்வுக்கு வருகிறார்கள் என்று டாக்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. கருவின் பாலினம் அறியத் தடை விதிக்கும் 1994 சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப் நிரப்ப வேண்டும். ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டாம் என அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டும், நான் சொல்லவில்லை என டாக்டர் போட வேண்டும். இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான்கு மாதக் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினோம். பதினொன்றில் டாக்டர் கையெழுத்து இல்லை. மூன்றில், எதற்காக ஸ்கேன் என்ற இடமே காலி. ஒன்றில் கைரேகை இருக்க வேண்டிய இடத்தில் காபிக் கறை.

டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். "ஸ்கேன் எடுத்தது நான்தானே? பழைய தேதி மட்டும் போட்டுக்கலாமா மேடம்? வெறும் கிளரிக்கல் மிஸ்டேக்தானே இது?"

இதே வாதத்தோடு ஃபாக்சி என்கிற மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மே மாதம் தோற்றது. படிவத்தில் குறை இருந்தாலே சட்டத்தை மீறியதாகக் கொள்ளப்படும். மீறவில்லை என்று காட்டுவது ஸ்கேன் எடுத்தவர் பாடு. முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை, ஜாமீனில் விடமுடியாத குற்றம். இதைச் சொன்னதும் பேனா கீழே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசியில் வேறு ஒன்றைக் காட்டினேன்: அந்த நான்கு மாதப் படிவங்கள் எல்லாம் நீல ஜெல் பேனா, அவர் கையில் இருந்தது பச்சை மை. அப்புறம், மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கை ஏற்கெனவே ஆய்வுக்கு வருபவர்களிடம் இருக்கிறது. குறையோடு நின்றால் ஒரு வழக்கு, திருத்தினால் போலி ஆவணம் என்று இன்னொன்று.

குறைகளைப் பட்டியல் போட்டு, அன்றைய தேதியிலேயே கடிதம் எழுதி, ஆய்வுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்க வைத்தேன். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, மெஷினுக்கு சீல் வைக்கவில்லை. டாக்டர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஃபீஸ் மட்டும் கம்பவுண்டர் கையில் வந்தது.

*

நான் வக்கீல் இல்லை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.டி. ஊழியர், அதாவது நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களை வைத்திருக்கும் பிரிவு. இறந்துபோன நோயாளியின் மகன் கேஸ் ஷீட் நகல் கேட்டு மனு கொடுத்தார். "இழுத்தடி, கேஸ் போடத்தான் கேட்கிறான்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் எங்கள் கம்ப்ளையன்ஸ் வக்கீல் வந்தார், விதிப்படி நடக்கிறோமா என்று பார்ப்பவர். முதல் கேள்வியே, "மனு எத்தனை மணிக்கு வந்தது தம்பி?" மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டுமாம். மனுவில் தேதி சீல் இருந்தது, நேரம் இல்லை. காலை பத்து என்றே வைத்துக்கொள் என்றார். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 140 பக்கத்தையும் அவரே எண்ணிக் கொடுத்தார். வழக்கு வந்ததா என்றால், வந்தது. ஆனால் ரெக்கார்டை மறைத்தார்கள் என்ற வரி மட்டும் அதில் இல்லை.

*

எங்கள் ஆஸ்பத்திரி வக்கீல் சார் ஆய்வுக்கு வந்தால் ஃபைலே கேட்க மாட்டார். நேரே பின்வாசல், குப்பை அறை. சட்டைக் கையை மடித்துவிட்டு மஞ்சள் பையை எட்டிப் பார்ப்பார். டிரெசிங் பஞ்சு, துணிக்கான பை அது. ஐ.வி. செட் கிடந்தால் தொலைந்தேன், அது சிவப்புப் பைக்குப் போக வேண்டும். ஊசி தனியாக வெள்ளை டப்பாவுக்கு. பையில் பார்கோடு இருக்கிறதா, கழிவு கிடந்து 48 மணி நேரம் தாண்டியதா, கழிவு எடுக்கும் வேன்காரர் கொடுத்த சீட்டில் எடை சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், எனக்கே கை நடுங்கும். இப்போதெல்லாம் அவர் கார் கேட்டுக்குள் நுழைந்தால், வாட்ச்மேன் அண்ணன் எம்.டி.க்கு முன்னால் எனக்குத்தான் போன் பண்ணுகிறார்.